இரண்டு புள்ளி கூடினால் மூலக்கூறு வளையும்: வடிவம் கண்டுபிடிக்க ஒரு வழிகாட்டி

கார்பன் டை ஆக்சைடில் நடுவில் ஒரு கார்பன், இரு பக்கமும் ஆக்சிஜன். சல்பர் டை ஆக்சைடில் நடுவில் ஒரு சல்பர், இரு பக்கமும் ஆக்சிஜன். காகிதத்தில் எழுதினால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. ஆனால் முதலாவது நேர்கோடு, கோணம் 180 டிகிரி. இரண்டாவது வளைந்தது, சுமார் 119 டிகிரி. ஏன் என்று கேட்டால், 'புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது சார்' என்பதுதான் பெரும்பாலும் வகுப்பில் வரும் பதில்.

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு பக்கத்திலிருந்து பதினோராம் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் 'வேதிப் பிணைப்புகள்' பாடத்தில் முதலில் செய்வது, மூலக்கூறு வடிவ அட்டவணையை உருப்போடுவது. தேர்வுக்கு இரண்டு வாரம் கழித்துக் கேட்டால் மறந்திருக்கும். இந்த அட்டவணையை மனப்பாடம் செய்யவே தேவையில்லை. எலக்ட்ரானை ஒழுங்காக எண்ணத் தெரிந்தால் போதும், வடிவம் தானாக வந்து விழும். எண்ணும் முறையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப் போகிறேன். எடுத்துக்காட்டுகளைக் குடியாத்தத்துத் தீக்குச்சியிலிருந்தும் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி டேனரிகளிலிருந்தும் (தோல் பதனிடும் ஆலைகள்) எடுத்திருக்கிறேன். பழைய வட ஆற்காட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பொருள்களின் வாசனையாவது தெரிந்திருக்கும்.

தொடங்கும் முன்: எலக்ட்ரானைப் பற்றி இரண்டு விஷயம்

பத்தாம் வகுப்பு வரை எலக்ட்ரான் அணுக்கருவைச் சுற்றி வட்டப் பாதையில் ஓடுவதாகப் படம் போட்டிருப்பீர்கள். 1913-இல் போர் சொன்ன அந்தப் படம் கணக்குக்கு உதவியது, ஆனால் உண்மை அதுவல்ல. 1926-இல் ஷ்ரோடிங்கர் எழுதிய சமன்பாட்டுக்குப் பிறகு, எலக்ட்ரான் இந்த நொடியில் இந்தப் புள்ளியில் இருக்கிறது என்று நாம் சொல்வதில்லை. எந்தப் பகுதியில் இருக்க வாய்ப்பு அதிகம் என்றுதான் சொல்கிறோம். அந்தப் பகுதிக்குத்தான் ஆர்பிட்டால் என்று பெயர். எஸ் ஆர்பிட்டால் உருண்டை. பி ஆர்பிட்டால்கள் மூன்று, ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று திசைகளில் நீண்டிருக்கும்.

இரண்டாவது விஷயம்: ஓர் ஆர்பிட்டாலில் அதிகபட்சம் இரண்டு எலக்ட்ரான்தான், அதுவும் எதிரெதிர் சுழற்சியோடு. அதனால்தான் வேதியியலில் எங்கே பார்த்தாலும் 'இரட்டை' என்ற சொல் வருகிறது. பிணைப்பு என்பது இரண்டு அணுக்கள் பங்குபோட்டுக்கொள்ளும் ஓர் இரட்டை. பங்கு போடாமல் ஓர் அணுவே வைத்துக்கொள்வது தனித்த இரட்டை. இதை 1916-இல் புள்ளி வைத்துக் காட்டியவர் கில்பர்ட் லூயிஸ். ஓர் ஆர்பிட்டாலில் ஏன் இரண்டுதான் என்று யாருக்கும் தெரியாத காலத்திலேயே அவர் அதைச் சொல்லிவிட்டார் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

முதலில், இதற்கு வடிவம் உண்டா என்று பாருங்கள்

டேனரிக்கு வரும் பச்சைத்தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டு வரும். அந்த உப்பு சோடியம் குளோரைடு. 'சோடியம் குளோரைடு மூலக்கூறின் வடிவம் என்ன?' என்று கேட்டால், அப்படி ஒரு மூலக்கூறே அந்த உப்புக் கல்லுக்குள் இல்லை என்பதுதான் பதில். ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றியும் ஆறு குளோரைடு, ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம் என்று அது படிகமாக அடுக்கிக்கொண்டே போகிறது.

எலக்ட்ரான் கவர்தன்மையைப் பாருங்கள். பாலிங் அளவில் சோடியம் 0.93, குளோரின் 3.16. வித்தியாசம் 2.23. இவ்வளவு இடைவெளி இருந்தால் பங்குபோடுவது என்ற பேச்சே இல்லை, ஒன்று கொடுத்துவிடும், மற்றது வாங்கிக்கொள்ளும். 1.7-க்கு மேல் போனால் அயனிப் பிணைப்பு என்று ஒரு விதி சொல்வார்கள். அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். ஹைட்ரஜன் ஃபுளூரைடில் வித்தியாசம் 1.78, ஆனாலும் அது சகப்பிணைப்பு (எலக்ட்ரானைப் பங்குபோடும் பிணைப்பு) மூலக்கூறுதான். உலோகமும் அலோகமும் சேர்ந்தால் அயனி, அலோகங்கள் தங்களுக்குள் சேர்ந்தால் சகப்பிணைப்பு என்ற பழைய வழியே தொடக்கத்துக்குப் போதும். நாம் வடிவம் தேடப்போவது சகப்பிணைப்பால் ஆன மூலக்கூறுகளுக்கும் கார்பனேட், சல்பேட் போன்ற பல்லணு அயனிகளுக்கும்தான்.

படி 1: மொத்தம் எத்தனை எலக்ட்ரான்?

ஒவ்வோர் அணுவின் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களையும் கூட்டுங்கள். 13 முதல் 18 வரை உள்ள தொகுதிகளுக்குத் தொகுதி எண்ணின் கடைசி இலக்கமே விடை: கார்பன் 14, ஆகவே 4. நைட்ரஜன் 15, ஆகவே 5. ஆக்சிஜனும் சல்பரும் 16, ஆகவே 6. குளோரின் 17, ஆகவே 7. ஹைட்ரஜனுக்கு 1.

அயனியாக இருந்தால் எதிர்மின்சுமை ஒன்றுக்கு ஓர் எலக்ட்ரானைக் கூட்டுங்கள், நேர்மின்சுமை ஒன்றுக்கு ஒன்றைக் கழியுங்கள். அவசரத்தில் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். எதிர்மின்சுமை என்றால் எலக்ட்ரான் கூடுதலாக வந்திருக்கிறது என்று மனதில் ஒருமுறை சொல்லிக்கொண்டு எழுதினால் தப்பு வராது.

இந்த மொத்தத்தைப் பக்கத்தின் ஓரத்தில் எழுதி வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். கடைசியில் படத்தில் இருக்கும் புள்ளிகளை எண்ணினால் இந்த எண்ணே வர வேண்டும். வராவிட்டால் மேலே போகாதீர்கள்.

படி 2: நடுவில் யார்?

எலக்ட்ரான் கவர்தன்மை குறைந்த அணு நடுவில் உட்காரும். ஹைட்ரஜன் எப்போதும் ஓரத்தில்தான், ஏனென்றால் அது ஒரு பிணைப்புக்கு மேல் தாங்காது. பெரும்பாலான கேள்விகளில் ஒன்றே ஒன்றாக இருக்கும் அணுதான் நடு அணு.

படி 3: கோடு போட்டு, மிச்சத்தைப் பங்கிடுங்கள்

நடு அணுவிலிருந்து ஒவ்வோர் ஓர அணுவுக்கும் ஒரு கோடு. ஒரு கோட்டுக்கு இரண்டு எலக்ட்ரான் செலவு. மிச்சம் உள்ளதை முதலில் ஓர அணுக்களுக்கு எட்டு எட்டாக நிரப்புங்கள் (ஹைட்ரஜனுக்கு இரண்டே போதும், அது ஏற்கெனவே கோட்டில் வந்துவிட்டது). அதற்கப்புறமும் மீதி இருந்தால் அது நடு அணுவுக்கு. நடு அணுவுக்கு எட்டு வரவில்லையென்றால், ஓர அணுவின் ஒரு தனித்த இரட்டையை உள்ளே இழுத்து இரட்டைப் பிணைப்பாக்குங்கள்.

சல்பர் டை ஆக்சைடைச் செய்து பார்ப்போம். தீக்குச்சியை உரசியவுடன் மூக்கில் ஏறும் காட்டமான வாசனை அதுதான். குச்சித்தலையில் உள்ள சல்பர் எரிந்து உண்டாவது.

சல்பருக்கு 6, இரண்டு ஆக்சிஜனுக்கு 12. மொத்தம் 18. இரண்டு கோடு, 4 போயிற்று. மிச்சம் 14. இரண்டு ஆக்சிஜனுக்கும் ஆறு ஆறாக 12. மிச்சம் 2. அது சல்பர் மேல் போய் உட்காரும். இப்போது சல்பரைச் சுற்றி ஆறுதான் இருக்கிறது, ஆகவே ஓர் ஆக்சிஜனிலிருந்து ஓர் இரட்டையை உள்ளே இழுத்து ஒரு பக்கம் இரட்டைப் பிணைப்பு.

அடுத்து கார்பன் டை ஆக்சைடு. 4 + 12, மொத்தம் 16. இரண்டு கோட்டுக்கு 4, ஆக்சிஜன்களுக்கு 12. தீர்ந்தது. கார்பன் மேல் வைக்க ஒரு புள்ளிகூட மிச்சமில்லை. கார்பனுக்கு நாலுதான் வந்திருக்கிறது, ஆகவே இரு பக்கமும் இரட்டைப் பிணைப்பு.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? 18-க்கும் 16-க்கும் இடையில் உள்ள அந்த இரண்டு எலக்ட்ரான்தான். அந்த ஓர் இரட்டை நடு அணுவின் மேல் இருக்கிறதா இல்லையா என்பதில்தான் நேர்கோடும் வளைவும் பிரிகின்றன. மற்ற எல்லாம் இதன் விரிவுதான்.

படி 4: திசையை எண்ணுங்கள்

முக்கியமான படி இது. இங்கேதான் தடுக்கி விழுவார்கள்.

நடு அணுவிலிருந்து எத்தனை திசையில் எலக்ட்ரான் இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒரு பிணைப்பு ஒரு திசை. இரட்டைப் பிணைப்பும் ஒரே திசைதான், மும்மைப் பிணைப்பும் ஒரே திசைதான், ஏனென்றால் அந்த நான்கோ ஆறோ எலக்ட்ரான்களும் அதே இரண்டு அணுக்களுக்கு நடுவில்தான் இருக்கின்றன. தனித்த இரட்டை ஒன்றுக்கு ஒரு திசை. எண்ண வேண்டியது நடு அணுவின் மேல் உள்ள தனித்த இரட்டைகளை மட்டும்தான். ஓர அணுக்களின் மேல் எத்தனை இருந்தாலும் அதைத் தொடாதீர்கள்.

கார்பன் டை ஆக்சைடில் இரண்டு திசை. சல்பர் டை ஆக்சைடில் இரண்டு பிணைப்பு, ஒரு தனித்த இரட்டை, ஆக மூன்று திசை.

எலக்ட்ரான்கள் எல்லாம் எதிர்மின்சுமை உடையவை. ஒரே சுழற்சி கொண்ட எலக்ட்ரான்கள் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கவும் முடியாது. ஆகவே இரட்டைகள் ஒன்றையொன்று விட்டு எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளிப் போகும். இந்தக் கருத்தை 1940-இல் சிட்ஜ்விக்கும் பவலும் முன்வைத்தார்கள். 1957-இல் கில்லெஸ்பியும் நைஹோமும் அதை இன்று நாம் படிக்கும் வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். இணைதிறன் கூட்டு எலக்ட்ரான் இரட்டை விலக்கல் கொள்கை என்று நீளமாகப் பெயர் வைத்திருக்கிறது, உள்ளே இருப்பது இவ்வளவுதான்.

இரண்டு திசை என்றால் நேர்கோடு. மூன்று என்றால் சமதள முக்கோணம், 120 டிகிரி. நான்கு என்றால் நான்முகி, 109.5. ஐந்து என்றால் முக்கோண இருபிரமிடு, ஆறு என்றால் எண்முகி, 90 டிகிரி.

நான்கு திசை என்றதும் எல்லாரும் கூட்டல் குறி போட்டு 90 டிகிரி என்பார்கள். காகிதம் தட்டை என்பதால் வரும் தவறு இது. கையால் செய்து பார்த்தால்தான் மனதில் நிற்கும். வேலூர் லாங்கு பஜாரில் ஒரு பாக்கெட் பலூன் வாங்குங்கள். நான்கை ஒரே அளவில் ஊதி, இரண்டிரண்டாகக் கழுத்தில் முடிச்சுப் போடுங்கள். பிறகு இரண்டு ஜோடியையும் நடுவில் ஒன்றன் மேல் ஒன்று வைத்து ஒரு முறுக்கு முறுக்குங்கள். நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம், நான்கும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தாமாகவே நான்முகியில் போய் நிற்கும். மேசையில் வைத்தால் மூன்று கீழே ஊன்றி, ஒன்று மேலே நோக்கும். எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் அப்படியேதான். கூட்டல் குறி மாதிரி தட்டையாக அழுத்திப் பாருங்கள், கையை எடுத்ததும் பழையபடி வந்துவிடும்.

இப்போது அதில் ஒரு பலூனை மட்டும் இன்னும் கொஞ்சம் பெரிதாக ஊதிக் கட்டுங்கள். மற்ற மூன்றும் நெருங்கிக்கொள்ளும். தனித்த இரட்டை செய்வது இதைத்தான். பிணைப்பு இரட்டையை இரண்டு அணுக்கருக்கள் இரு பக்கமும் பிடித்து இழுப்பதால் அது ஒல்லியாக நீண்டிருக்கிறது. தனித்த இரட்டையைப் பிடிப்பது ஒரே ஒரு கரு. அது நடு அணுவை ஒட்டிப் பரந்து, இடத்தை அடைத்துக்கொண்டு, பக்கத்துப் பிணைப்புகளைத் தள்ளுகிறது.

படி 5: இரட்டையை மறைத்துவிட்டு, அணுக்களை மட்டும் பாருங்கள்

வடிவத்தின் பெயர் அணுக்கள் எங்கே இருக்கின்றன என்பதை வைத்துத்தான். தனித்த இரட்டைகள் இடத்தைத் தீர்மானித்துவிட்டுப் பெயரில் இல்லாமல் போய்விடும். மூன்று திசையில் ஒன்று தனித்த இரட்டை என்றால் மிச்சம் வளைந்த வடிவம். நான்கில் ஒன்று என்றால் முக்கோணப் பிரமிடு. நான்கில் இரண்டு என்றால் மறுபடியும் வளைந்த வடிவம்.

டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து எடுத்த தோலின் சுண்ணாம்பை நீக்க அம்மோனியம் உப்புகள் சேர்க்கிறார்கள். அப்போது கண்ணில் நீர் வரவைத்து எழும்புவது அம்மோனியா. நைட்ரஜனுக்கு 5, மூன்று ஹைட்ரஜனுக்கு 3, மொத்தம் 8. மூன்று கோட்டுக்கு 6. மிச்சம் 2 நைட்ரஜன் மேல். நான்கு திசை, ஒன்று தனித்த இரட்டை. முக்கோணப் பிரமிடு, கோணம் சுமார் 107. மீத்தேனின் 109.5-லிருந்து இரண்டரை டிகிரி குறைந்திருப்பது அந்தத் தனித்த இரட்டையின் தள்ளல். தண்ணீரில் அப்படி இரண்டு இருப்பதால் 104.5 ஆகிறது.

இதே கணக்கில் ஹைட்ரஜன் சல்பைடையும் போடுங்கள். தோலின் முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்ப்பார்கள். அந்தக் கழிவுநீரில் அமிலம் கலந்தால் வெளிவருவது இந்த வாயுதான். காற்றைவிடக் கனமானது, ஆகவே தொட்டியின் அடியில் தங்கும். அளவு அதிகமானால் வாசனை அறியும் திறனையே மழுங்கடித்துவிடும், நாற்றம் போய்விட்டது என்று நினைத்து உள்ளே இறங்குபவர்கள் மேலே வராமல் போகிறார்கள். உங்கள் வீட்டில் யாராவது டேனரிக்கு வேலைக்குப் போனால் இதைச் சொல்லிவையுங்கள்.

கணக்குக்கு வருவோம். 6 + 2, மொத்தம் 8. இரண்டு பிணைப்பு, இரண்டு தனித்த இரட்டை, வளைந்த வடிவம். தண்ணீருக்கு வந்த அதே விடை. ஆனால் அளந்த கோணம் 92.1 டிகிரி. தண்ணீரின் 104.5-க்கும் இதற்கும் ஏன் இவ்வளவு தூரம்? சல்பர் பெரிய அணு, அதன் எலக்ட்ரான் கவர்தன்மை 2.58தான். ஆக்சிஜனுக்கு 3.44. தண்ணீரோடு ஒப்பிட்டால், பிணைப்பு இரட்டைகள் சல்பரை விட்டு விலகி ஹைட்ரஜன் பக்கம் கூடுதலாக இருப்பதால் அவற்றுக்கு இடையே நெருக்கடி குறைவு. தனித்த இரட்டைகள் அவற்றை எளிதாக நெருக்கிவிடுகின்றன. எண்ணும் முறை வடிவத்தின் பெயரைச் சரியாகத் தரும், கோணம் கூடுமா குறையுமா என்றும் சொல்லும். சரியான டிகிரியை அளந்துதான் சொல்ல முடியும். 92.1 என்று யாரும் காகிதத்தில் கண்டுபிடித்துவிட முடியாது.

மூன்று ஆக்சிஜன்: அதே கதை மறுபடியும்

குடியாத்தம் தீப்பெட்டித் தொழிலுக்குப் பேர் போன ஊர். குச்சித்தலையில் சல்பரோடு இருக்கும் முக்கியச் சரக்கு பொட்டாசியம் குளோரேட். எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைக் கொடுப்பது அதுதான். அதில் உள்ள குளோரேட் அயனியை எடுத்துக்கொள்வோம்: ஒரு குளோரின், மூன்று ஆக்சிஜன், எதிர்மின்சுமை ஒன்று. 7 + 18 + 1, மொத்தம் 26. மூன்று கோட்டுக்கு 6, ஆக்சிஜன்களுக்கு 18, மிச்சம் 2 குளோரின் மேல். நான்கு திசை, ஒன்று தனித்த இரட்டை, முக்கோணப் பிரமிடு.

சுவரில் அடித்த சுண்ணாம்பு காற்றில் இறுகி கால்சியம் கார்பனேட் ஆகிறது. கார்பனேட்டில் ஒரு கார்பன், மூன்று ஆக்சிஜன், எதிர்மின்சுமை இரண்டு. 4 + 18 + 2, மொத்தம் 24. கார்பன் மேல் மிச்சம் எதுவுமில்லை. மூன்று திசை, சமதள முக்கோணம். இங்கேயும் 24-க்கும் 26-க்கும் உள்ள அந்த இரண்டு எலக்ட்ரான்தான் தட்டையைப் பிரமிடாக்குகிறது.

குளோரேட்டை எழுதும்போது சிலர் இரட்டைப் பிணைப்பே போட மாட்டார்கள், சில புத்தகங்களில் இரண்டு போட்டிருக்கும். எது சரி என்று சண்டை வரும். முறைசார் மின்சுமையைக் கணக்கிட்டுப் பாருங்கள்: அணுவின் சொந்த எலக்ட்ரான்களிலிருந்து, அதன் மேல் உள்ள தனித்த எலக்ட்ரான்களையும் அதன் கோடுகளின் எண்ணிக்கையையும் கழிக்க வேண்டும். எல்லாம் ஒற்றைக் கோடு என்றால் குளோரினுக்கு 7 − 2 − 3, அதாவது நேர் 2. இரண்டு இரட்டைப் பிணைப்பு போட்டால் 7 − 2 − 5, பூஜ்ஜியம். மின்சுமை குறைவாக இருப்பதைத் தேர்வில் எழுதலாம். வடிவத்துக்கு அந்தச் சண்டை தேவையே இல்லை, எப்படிப் போட்டாலும் திசை நான்குதான். கார்பனேட்டில் இரட்டைப் பிணைப்பு எந்த ஆக்சிஜனுக்கு என்ற கேள்விக்கும் பதில், மூன்றுக்கும் சமமாக. அதுதான் உடனிசைவு. அளந்தால் மூன்று பிணைப்பும் ஒரே நீளம்.

இனக்கலப்பு எங்கே வருகிறது?

ஓர் அணுவின் எஸ், பி ஆர்பிட்டால்கள் கலந்து ஒரே மாதிரியான புதிய ஆர்பிட்டால்களாவதைத்தான் இனக்கலப்பு என்கிறோம். இரண்டு திசை என்றால் எஸ்பி, மூன்று என்றால் எஸ்பி2, நான்கு என்றால் எஸ்பி3. திசையை எண்ணி முடித்தபின் இதை எழுதிக்கொள்ளலாம். 1931-இல் பாலிங் கொண்டுவந்த இந்தக் கருத்து, கார்பனின் நான்கு பிணைப்பும் ஏன் சமமாக இருக்கின்றன என்பதை விளக்கப் பெரிதும் உதவியது. ஆனால் 'எஸ்பி3 ஆக இருப்பதால் நான்முகி' என்று காரணமாக எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. வடிவம் தெரிந்த பிறகு அதை விவரிக்கும் மொழிதான் இனக்கலப்பு. ஹைட்ரஜன் சல்பைடின் 92 டிகிரிக்கு எஸ்பி3 என்று எழுதிவைத்தால் அது எதையும் விளக்காது.

படி 6: முனைவுத்தன்மை, இதற்காகத்தான் இத்தனை பாடு

ஒவ்வொரு பிணைப்பிலும் எலக்ட்ரான் எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று ஓர் அம்பு போடுங்கள். அம்புகள் ஒன்றையொன்று சமன்செய்து அழிந்துவிட்டால் முனைவற்ற மூலக்கூறு. கார்பன் டை ஆக்சைடில் இரண்டு அம்பும் எதிரெதிர், இருமுனைத் திருப்புத்திறன் (மிஞ்சும் அம்பின் அளவு, டிபை என்ற அலகில் சொல்வார்கள்) பூஜ்ஜியம். சல்பர் டை ஆக்சைடு வளைந்திருப்பதால் அழியாது, 1.63 டிபை மிஞ்சுகிறது. தண்ணீருக்கு 1.85.

தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. அதைவிடக் கனமான மூலக்கூறான ஹைட்ரஜன் சல்பைடு மைனஸ் 60-லேயே கொதித்து வாயுவாகிவிடுகிறது. தண்ணீரில் ஆக்சிஜன் எலக்ட்ரானை வலுவாக இழுத்துக்கொள்வதால் ஹைட்ரஜன் வெறுமையாகி, பக்கத்து மூலக்கூறின் தனித்த இரட்டையைப் பற்றிக்கொள்கிறது. சல்பருக்கு அந்த இழுவை இல்லை. தண்ணீர் மூலக்கூறு நேர்கோடாக இருந்திருந்தால் அதன் இருமுனைத் திருப்புத்திறன் பூஜ்ஜியமாகியிருக்கும், உப்பை இன்று கரைப்பதுபோல் கரைத்திருக்காது.

ராணிப்பேட்டையின் குரோமியம்

வடிவம் தேர்வுக்கு மட்டுமான விஷயமில்லை என்று காட்ட, நம்மூரில் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

தோல் பதனிடப் பயன்படுவது பேசிக் குரோமியம் சல்பேட். அதில் குரோமியம் மூன்று நேர்மின்சுமை நிலையில் இருக்கிறது. தன்னைச் சுற்றி ஆறு பக்கம், எண்முகியின் ஆறு மூலைகளில், தண்ணீரையோ மற்ற அணுத்தொகுதிகளையோ பிடித்துக்கொள்ளும். தோலின் கொலாஜன் புரதத்தில் கார்பாக்சில் தொகுதிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் ஆக்சிஜன்கள் தங்கள் தனித்த இரட்டைகளைக் குரோமியத்துக்குக் கொடுத்து ஈதல் பிணைப்பு உண்டாக்குகின்றன. இழைக்கும் இழைக்கும் இடையே கட்டு விழுகிறது. பச்சைத்தோல் 60 டிகிரி சொச்சத்திலேயே சுருங்கிவிடும். குரோமியம் ஏறிய 'வெட் புளூ' தோல் கொதிநீரையே தாங்கும்.

குரோமேட் வேறு. அதில் குரோமியம் ஆறு நேர்மின்சுமை நிலை. ஒரு குரோமியம், நான்கு ஆக்சிஜன், எதிர்மின்சுமை இரண்டு. குரோமியம் 6-ஆம் தொகுதி: 6 + 24 + 2, மொத்தம் 32. நான்கு கோட்டுக்கு 8, ஆக்சிஜன்களுக்கு 24. நடுவில் மிச்சமில்லை. நான்கு திசை, நான்முகி. இப்போது சல்பேட்டைப் போடுங்கள்: 6 + 24 + 2, அதே 32. அதே நான்முகி, அதே மின்சுமை. குரோமேட் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான்.

உடம்பின் செல்களுக்குச் சல்பேட் வேண்டும், அதை உள்ளே விடுவதற்கென்று வாசல் போன்ற புரதங்கள் இருக்கின்றன. வடிவமும் மின்சுமையும் ஒன்றாக இருப்பதால் குரோமேட்டும் அந்த வழியாகவே உள்ளே போய்விடுகிறது. உள்ளே போனபின் எலக்ட்ரானைப் பறித்துக்கொண்டு படிப்படியாக மூன்று நிலைக்கு இறங்கும், அந்த வழியில் மரபணுப் பொருளைச் சேதப்படுத்தும். ஆறு நிலைக் குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது இப்படித்தான். எண்முகியாக இருக்கும் மூன்று நிலைக் குரோமியத்துக்கு அந்த வாசல் திறப்பதில்லை. ராணிப்பேட்டை சிப்காட்டில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு மேட்டிலிருந்து நிலத்தடி நீரில் இறங்குவது இந்த ஆறு நிலைக் குரோமியம்தான். குரோமேட்டால் மஞ்சளாகும் கிணற்றுத் தண்ணீர் ஏன் ஆபத்து என்று அந்தப் பகுதிப் பிள்ளைகள் தாங்களே எண்ணிப் பார்த்துச் சொல்ல முடிய வேண்டும் என்பது என் ஆசை.

ஓர் எச்சரிக்கை. குரோமேட்டில் நடு அணுவின் எலக்ட்ரான் எல்லாம் பிணைப்புக்குப் போய்விட்டதால் நம் கணக்கு வேலை செய்தது. மூன்று நிலைக் குரோமியத்தில், டி என்ற வேறு வகை ஆர்பிட்டால்களில் மூன்று எலக்ட்ரான்கள் மிச்சம் இருக்கின்றன. அவற்றைத் தனித்த இரட்டை மாதிரி எண்ணக் கூடாது. இடைநிலை உலோகங்களின் அணைவுச் சேர்மங்களுக்கு வேறு கொள்கை இருக்கிறது, பன்னிரண்டாம் வகுப்பில் வரும்.

எட்டு என்ற விதி எங்கே உடையும்?

போரான் ட்ரை ஃபுளூரைடில் போரானுக்கு ஆறுதான், அதை அப்படியே விட்டுவிடுங்கள், சமதள முக்கோணம். மூன்றாம் வரிசையிலிருந்து கீழே உள்ள அணுக்கள் எட்டுக்கு மேலும் வைத்துக்கொள்ளும், அதனால்தான் பாஸ்பரஸ் பென்டா குளோரைடும் சல்பர் ஹெக்சா ஃபுளூரைடும் இருக்கின்றன. ஐந்து திசையில் தனித்த இரட்டை வந்தால் அது நடு முக்கோணத்தில்தான் உட்காரும், ஏனென்றால் அங்கே 90 டிகிரியில் நெருக்கும் பக்கத்துக்காரர்கள் இரண்டே பேர், மேல் கீழ் இடத்தில் மூன்று பேர். புள்ளிக் கணக்குக்கு அடங்காததும் உண்டு: திரவ ஆக்சிஜன் காந்தத்தில் ஒட்டுகிறது, அதாவது அதில் ஜோடி சேராத எலக்ட்ரான்கள் இருக்கின்றன. நாம் போடும் படத்தில் எல்லாமே ஜோடியாகத்தான் இருக்கும். அதற்கு மூலக்கூறு ஆர்பிட்டால் கொள்கைக்குப் போக வேண்டும்.

செய்து பாருங்கள்

விடையைப் பார்க்காமல் போட்டுவிட்டு வாருங்கள்: அம்மோனியம் அயனி, ஓசோன், ஹைட்ரஜன் சயனைடு, குளோரின் ட்ரை ஃபுளூரைடு, செனான் டெட்ரா ஃபுளூரைடு.

அம்மோனியம்: 5 + 4 − 1, மொத்தம் 8, நான்முகி. ஓசோன்: 18, சல்பர் டை ஆக்சைடு மாதிரியே வளைந்தது, சுமார் 117 டிகிரி. ஹைட்ரஜன் சயனைடு: 10, கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் இடையே மும்மைப் பிணைப்பு, இரண்டே திசை, நேர்கோடு. குளோரின் ட்ரை ஃபுளூரைடு: 28, ஐந்து திசையில் இரண்டு தனித்த இரட்டை, ஆங்கில டீ எழுத்து வடிவம். செனான் டெட்ரா ஃபுளூரைடு: 8 + 28, மொத்தம் 36. நான்கு கோட்டுக்கு 8, ஃபுளூரின்களுக்கு 24, மிச்சம் 4 செனான் மேல். ஆறு திசை, எண்முகி அமைப்பு. இரண்டு தனித்த இரட்டையும் ஒன்றையொன்று விலகி மேலே ஒன்று கீழே ஒன்றாக நிற்கும், நான்கு ஃபுளூரினும் ஒரே தளத்தில் சதுரமாக இருக்கும். நான்முகி என்று எழுதியிருந்தால் படி 3-க்குத் திரும்பிப் போய், செனான் மேல் அந்த நான்கு புள்ளியை வைத்தீர்களா என்று பாருங்கள்.